பத்து நாள் பூனை இல்லை, தும்மல் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: டாக்டர், என் வயது 36. ஒன்பது மாதங்களுக்கு முன், மகளின் பிடிவாதத்துக்காக ஒரு ஆண் பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கைந்து மாதமாகக் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு. பூனை மடியில் படுத்து எழுந்தால் கையில் தடிப்பு வருகிறது. இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. மருந்துக்கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை ஆறு வாரமாகப் போடுகிறேன். அது இல்லாமல் தூங்க முடியவில்லை. காரணம் பூனைதானா என்று பார்க்க அதைப் பத்து நாள் தங்கை வீட்டில் விட்டுவைத்தோம். ஒரு மாற்றமும் இல்லை. "அப்படியானால் பூனை இல்லை" என்கிறார் கணவர். "பூனைதான், இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார் மாமியார். முடியை ஒட்ட வெட்டினால் போதும் என்கிறாள் தங்கை. அலர்ஜி தராத ரகம் என்று ஒன்று இருப்பதாகவும், அதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் தோழி சொல்கிறாள். யார் சொல்வது சரி? ஒன்பது வயது மகள் பூனையோடுதான் தூங்குகிறாள். அவளுக்கும் இது வந்துவிடுமா?

பதில்: யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: மூன்று மணி இருமல்.

தும்மலும் கண் அரிப்பும் ஆளைப் படுத்தும், ஆனால் ஆபத்து கிடையாது. தூக்கத்தைக் கலைக்கிற இருமலை அப்படி விட முடியாது. மூக்கில் தொடங்கிய அலர்ஜி மூச்சுக்குழாய் வரை இறங்கியிருக்கலாம். ஆஸ்துமாவின் தொடக்கமாக இருக்கலாம். ஆஸ்துமா என்றால் இழுப்பும் விசில் சத்தமும் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு வறட்டு இருமல் ஒன்றுதான் அறிகுறி. எல்லோருக்குமே விடியற்காலையில் மூச்சுக்குழாய் சற்றுச் சுருங்கும். நமக்கு அது தெரிவதே இல்லை. உள்ளே ஏற்கனவே வீங்கியிருப்பவர்களை அந்தச் சின்னச் சுருக்கமே எழுப்பி உட்கார வைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை, நுரையீரல் மருத்துவரிடமோ அலர்ஜி மருத்துவரிடமோ போய் ஸ்பைரோமெட்ரி செய்துகொள்வது. ஒரு குழாயில் முழு மூச்சாக ஊத வேண்டும். இன்ஹேலர் மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். இரண்டாவது முறை அளவு நன்றாக ஏறினால் மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தது என்று பொருள். ஒரு நாள் ஊதிப் பார்த்து இயல்பாக வந்ததால் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வந்து வந்து போவதுதான் அதன் குணம். எந்த நாளில் எத்தனை மணிக்கு இருமல் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆஸ்துமாதான் என்று தெரிந்தால் தினசரி மருந்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படாதீர்கள். உறிஞ்சும் அளவு மிகக் குறைவு, போய்ச் சேருவதும் நேராக மூச்சுக்குழாய்க்கு. உறிஞ்சி முடித்ததும் வாய் கொப்பளித்துவிட வேண்டும். மூச்சு முட்டும்போது மட்டும் உடனடி நிவாரண இன்ஹேலரை அடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நிறைய உண்டு. அந்தப் பழக்கம் சரியில்லை என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த மருந்து குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சரி, இப்போது பஞ்சாயத்து.

கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சந்தேகப்படுகிற பொருளை எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்ல முறைதான். நாள் கணக்குதான் போதவில்லை. பூனை வெளியேறிய வீடுகளில், அது விட்டுப்போன அலர்ஜிப் பொருள் பூனையே இல்லாத வீட்டின் அளவுக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கிறது. அதுவும் சராசரிதான். கம்பளமும் துணி சோபாவும் உள்ள வீட்டில் இன்னும் இழுக்கும். பூனை தங்கை வீட்டில் இருந்த அந்தப் பத்து நாளும் உங்கள் மெத்தை, திரைச்சீலை, நீங்கள் போட்டிருந்த ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் பூனை இருந்துகொண்டுதான் இருந்தது.

பரிசோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள். பூனையை அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். பூனையே இல்லாத ஒரு வீட்டில் ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள். கொண்டுபோகும் துணியைப் புதிதாகத் துவைத்து, மடித்ததும் ஒரு பையில் போட்டு மூடிவிடுங்கள். அலமாரியிலிருந்து அப்படியே எடுத்துப் போனால் பூனையும் கூடவே வரும். அங்கே தும்மல் குறைந்து, வீடு திரும்பிய அன்றோ மறுநாளோ பிடித்துக்கொண்டால், ரத்தப் பரிசோதனையைவிட நல்ல சாட்சி அது. திரும்பி வந்ததும் முன்பைவிடக் கடுமையாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். தினமும் பூனையோடு இருந்த உடம்புக்கு ஒரு மாதிரிப் பழகிப்போயிருக்கும். இடைவெளி விழுந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, சிறு வயதிலிருந்து கூட வளர்ந்த பூனையைத் தூக்கியதும் கண் சிவந்து நிற்பார்கள். "இது நம்ம பூனைதானே, இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள்.

அந்தப் பொருள் என்ன என்று தெரிந்தால் தங்கைக்கும் தோழிக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். வெயில் விழும் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூனை தன்னைச் சுத்தம் செய்துகொள்வதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முன்னங்காலை நக்கும். அந்த ஈரக் காலால் காதுக்குப் பின்னால் தேய்க்கும். அப்புறம் தோள், விலா, வயிறு, கடைசியில் வால். நாக்கு போன இடமெல்லாம் ரோமத்தில் எச்சில் பூசிக்கொண்டே வருகிறது. அது காய்கிறது. பூனை எழுந்து ஒரு தடவை உடம்பை உதறுகிறது. வெயில் கற்றையில் பொடிப்பொடியாய்த் தூசு மினுங்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசு கொஞ்ச நேரத்தில் தரைக்கு வந்துவிடும். உங்களைப் படுத்துவது கண்ணுக்கே தெரியாத இன்னும் நுண்ணிய துகள். மணிக்கணக்கில் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும்.

அந்தத் துகளில் ஒட்டியிருக்கும் புரதத்தின் பெயர் ஃபெல் டி 1. பூனையின் அறிவியல் பெயரான ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ் என்பதில் முதல் சொல்லின் மூன்று எழுத்தும், அடுத்த சொல்லின் ஓர் எழுத்தும், கண்டுபிடித்த வரிசை எண்ணும் சேர்ந்தது. பூனை ஒத்துக்கொள்ளாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதற்குத்தான் எதிர்வினை காட்டுகிறார்கள். பூனையின் எச்சில் சுரப்பியிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் இது ஊறுகிறது. முடி வெறும் வாகனம். வாகனத்தை வெட்டிப்போட்டாலும் உற்பத்தி அப்படியேதான் நடக்கும். மொட்டையடித்த பூனையும் நக்கிக்கொள்ளும், அதன் தோலும் உதிரும். முடியே இல்லாத ஸ்பிங்க்ஸ் ரகப் பூனைக்கும் எச்சில் உண்டு. ஆகவே தங்கையின் யோசனை பலிக்காது. 'அலர்ஜி தராத ரகம்' என்று சொல்லி விற்பதை நம்பிப் பணத்தை விடவும் வேண்டாம். பூனைக்குப் பூனை சுரக்கும் அளவு வெகுவாக மாறும் என்பது உண்மை. ஆனால் ஒரே ரகத்துக்குள், ஒரே தாயின் குட்டிகளுக்குள்ளேயே மாறும். ரகத்தின் பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன. ஒன்று, குட்டி வந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் தொல்லை ஆரம்பித்தது. அலர்ஜி முதல் சந்திப்பிலேயே வருவதில்லை. உடம்பு அந்தப் புரதத்தைப் பார்த்துப் பார்த்து, அதை எதிரி என்று தவறாக முத்திரை குத்தி, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயார் செய்து வைக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். இரண்டு, அது ஆண் குட்டி. இந்த நேரத்துக்குள் அது பருவத்துக்கு வந்திருக்கும். கருத்தடை செய்யாத ஆண் பூனைதான் ஃபெல் டி 1-ஐ அதிகம் சுரக்கிறது. அறுவை செய்தால் குறையும். கால்நடை மருத்துவர் எப்படியும் சொல்லப்போகிற அறுவைதான். தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், பூனைதான் என்று கடிதத்தை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். காலையில் எழுந்ததும் தும்மல் என்பது மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியின் அலர்ஜிக்கும் அச்சாகப் பொருந்தும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் நிறைய. பூனை மணலின் தூசும் அதில் போடும் வாசனையும் மூக்கை உறுத்தும். அது உறுத்தல்தான், அலர்ஜி கிடையாது. சளிக் காய்ச்சலா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. சளி ஏழு, பத்து நாளில் போய்விடும், உடம்பு வலிக்கும், மூக்கில் வருவது கெட்டியாகும். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது, மூக்கு தண்ணீராக ஒழுகும், முக்கியமாக அரிக்கும். கண், மூக்கு, மேலண்ணம், காதின் உள்பக்கம் வரை அரிக்கிறது என்றால் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளலாம். கையில் வரும் தடிப்பையும் கவனியுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சுவடில்லாமல் மறைந்தால் அலர்ஜித் தடிப்பு. வட்டமாக, ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து நாள்கணக்கில் நின்றால் அது படர்தாமரை. குட்டிப் பூனைகளிடமிருந்து சாதாரணமாகத் தொற்றும், வைத்தியமும் வேறு.

பரிசோதனை இரண்டு வகை. தோலில் ஒரு துளி அலர்ஜிச் சாறு வைத்து ஊசி முனையால் லேசாகக் கீறிப் பார்ப்பது ஒன்று. பதினைந்து, இருபது நிமிடத்தில் கொசுக்கடி போல எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போனால் எழும்ப வேண்டியதும் எழும்பாது. எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம். மூச்சுத் தொல்லை கட்டுக்குள் வராதபோது தோல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோம். உங்கள் இருமலை யோசித்தால், ஐஜிஇ ரத்தப் பரிசோதனையே இப்போதைக்கு வசதி. மாத்திரையை நிறுத்தவும் தேவையில்லை. பூனையோடு தூசிப் பூச்சி, பூஞ்சை இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு பொருளுக்கு ஒரே பட்டியலாகப் பார்க்கும் பெரிய தொகுப்பு எதற்கும் வேண்டாம். அதில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பத்துப் பெயர் பாசிட்டிவ் என்று வரும், அடுத்த ஒரு வருடம் அதையெல்லாம் நினைத்துப் பயந்துகொண்டிருப்பீர்கள். பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அறிகுறியும் பொருந்தினால்தான் அலர்ஜி.

அடுத்து அந்தச் சொட்டு மருந்து. உங்கள் மூக்கடைப்பில் பாதிக்குப் பூனை பொறுப்பில்லை, சொட்டு மருந்துதான் என்றே நினைக்கிறேன். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் என்று புட்டியில் போட்டிருக்கும். போட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறக்கும், அதனால்தான் கை அதைத் தேடிப் போகிறது. மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள்தான் அதற்குக் கணக்கு. அதைத் தாண்டினால் மருந்தின் வீரியம் இறங்கும்போதெல்லாம் மூக்குச் சதை முன்பைவிடப் பெரிதாக வீங்கும். வீக்கத்துக்கு மறுபடி மருந்து, மருந்தால் மறுபடி வீக்கம். "அது இல்லாமல் தூங்க முடியவில்லை" என்று நீங்கள் எழுதியது இந்தச் சுழலைத்தான். உங்கள் தவறு என்று சொல்ல மாட்டேன். கடையில் கொடுக்கும்போது யாரும் நாள் கணக்குச் சொல்வதில்லை. பத்து நாள் பரிசோதனை தோற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பூனை போனாலும் சொட்டு மருந்து போகவில்லையே.

ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூக்கும் ஒன்றாக அடைத்து, மூன்றாவது இரவே புட்டியைத் தேடுவீர்கள். நான் சொல்லும் வழி இது. மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை முதலில் தொடங்குங்கள். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டில் எதுவானாலும் சரி. அதன் பிறகு சொட்டு மருந்தை ஒரு பக்கத் துளையில் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் நாலைந்து நாள், ஒருவேளை ஒரு வாரம் மண்ணாங்கட்டி போல அடைத்துக்கொள்ளும். மற்றொரு பக்கம் மூச்சு விட இருக்கும். முதல் பக்கம் திறந்ததும் இரண்டாவதையும் நிறுத்திவிடலாம்.

ஸ்ப்ரே அடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "ஒரு மாதம் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று வருகிறவர்களை என் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்வேன். தலையை அண்ணாந்து, நுனியை நடுச்சுவரை நோக்கி வைத்து, ஒரு அமுக்கு, உடனே பலமாக ஓர் உறிஞ்சு. மருந்து முழுவதும் தொண்டைக்குப் போய்விடும். வாயில் கசக்கும், நடுச்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும். தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது கையால் இடது துளைக்கு, இடது கையால் வலது துளைக்கு. நுனி அதே பக்கத்துக் காதைப் பார்த்திருக்கட்டும். அமுக்கும்போது மெதுவாக, பூவை முகர்வது போல மட்டும் இழுங்கள். முதல் நாளே பலன் தேடாதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம், அதுவரை தினமும் அடிக்க வேண்டும். ஸ்ப்ரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவினால் இன்னும் நல்லது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீர்தான். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது.

மாத்திரையில் செட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிற்காலத்தவை போதும். தும்மலையும் அரிப்பையும் நன்றாக அடக்கும், அடைப்புக்கு அவ்வளவாக உதவாது, அதற்கு ஸ்ப்ரேதான். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்காதீர்கள், உடம்பில் சேர்வது குறையும், தண்ணீர் போதும். கண் அரிப்புக்கு ஓலோபடடின் சொட்டு. மாண்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையை யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். தூக்கக் கெடுதல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற விளைவுகள் வரலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துத் துறை அதன் மேல் கடுமையான எச்சரிக்கை போட்டது. சாதாரண மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்துகள் இருக்கும்போது அது முதல் மருந்தாக வேண்டாம்.

வீட்டுக்கு வருவோம். எல்லா அறையையும் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; பலன் சொற்பம். ஒரே ஓர் அறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் தூங்கும் அறை. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உங்கள் மூக்கு இருக்கிற இடம் அந்தத் தலையணைதான். இனிமேல் பூனைக்கு அங்கே அனுமதி இல்லை. பகலில், யாரும் இல்லாதபோதுகூட இல்லை. கதவை மூடியே வையுங்கள். "இரவில் மட்டும் வெளியே விடுகிறோம்" என்பது ஒன்றும் செய்யாததற்குச் சமம். தொடங்குகிற நாளில் உறை, போர்வை, திரை எல்லாவற்றையும் துவையுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து மூடும் அலர்ஜி உறை போடுங்கள். அறையில் கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள், சுவரை ஈரத்துணியால் துடையுங்கள். இந்தப் புரதம் சுவரிலும் ஒட்டும். பூனையைக் கொஞ்சிய உடையோடு படுக்கையில் உட்காராதீர்கள். பெருக்குமாறு வேண்டாம், கிளப்பி விடும், ஈரத்துடைப்பம் போதும். அந்த அறைக்கு மட்டும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைக்கலாம். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது அந்த வடிகட்டியின் தரம். ஆனால் காற்றில் மிதப்பதைத்தான் அது பிடிக்கும், மெத்தையில் ஊறியதை எடுக்காது. கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சுத்திகரிப்பான் ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

பூனையைக் குளிப்பாட்டலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். குளிப்பாட்டினால் குறையும், ஆனால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வாரம் இரண்டு தடவை பூனையைக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலர்ஜியே தேவலை என்று தோன்றிவிடும். அதைவிட, உங்களுக்குப் பதில் வேறு யாராவது தினமும் வெளியில் வைத்துச் சீவிவிடுவதும், மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் நடைமுறைக்கு ஒத்துவரும். இன்னொன்று, முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புரதம் பூசிய பூனை உணவு சில நாடுகளில் வந்திருக்கிறது. பூனையின் வாயிலேயே ஃபெல் டி 1-ஐ மடக்கிவிடும். மூன்று வாரம் கொடுத்தால் ரோமத்தில் உள்ள அளவு சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. பூனைக்குப் பூனை மாறும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது.

இதெல்லாம் செய்தும் மருந்தை விட முடியவில்லை என்றால் அலர்ஜி ஊசி என்று ஒன்று உண்டு. ஒத்துக்கொள்ளாத புரதத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடம்பைப் பழக்குவது. 1911-லிருந்து இருக்கிற முறை. மூன்றிலிருந்து ஐந்து வருடம் போட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வேண்டும், ஏனென்றால் அபூர்வமாக உடம்பு முழுவதும் பரவும் கடும் எதிர்வினை வரலாம். அதனால் வீட்டில் போடும் ஊசி இல்லை இது. ஆஸ்துமா அடங்காத நிலையில் தொடங்கவே மாட்டோம்.

மாமியார் கேள்வி பாக்கி இருக்கிறது. பூனையைக் கொடுத்துவிட வேண்டுமா? அலர்ஜி என்று நிரூபணமானால், பூனை இல்லாத வீடுதான் சிறந்த மருந்து. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூக்கோடும் கண்ணோடும் நிற்கிற அலர்ஜி என்றால், படுக்கையறைக் கதவையும் ஸ்ப்ரேயையும் வைத்துக்கொண்டு பூனையோடு காலம் தள்ளலாம். நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். மூச்சுக்குழாய் விஷயத்தில் நான் அவ்வளவு தாராளம் இல்லை. மூன்று மாதம் வையுங்கள். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும், அறையை ஒழுங்காகக் காத்தும், வாரத்துக்கு இரண்டு இரவு இருமி எழுந்துகொண்டே இருந்தால், பூனைக்கு வேறு நல்ல வீடு பார்க்க வேண்டியதுதான். தங்கைக்குப் பூனை பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் மகள் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம், வந்ததும் உடை மாற்றிக்கொண்டால் சரி. தெருவில் விடுவது மட்டும் கூடாது. கொடுத்த பிறகும் சில மாதம் மருந்து தொடரும்; ஏன் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

இதில் எதுவும் இன்றைக்கே முடிவாக வேண்டியதில்லை. முதலில் ஸ்பைரோமெட்ரி, கூடவே ரத்தப் பரிசோதனை, சொட்டு மருந்தை நிறுத்துவது. பிறகு நீங்கள் ஒரு வாரம் வெளியே தங்கிப் பார்ப்பது.

மகளைப் பற்றி. பெற்றோரில் ஒருவருக்கு அலர்ஜி இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாத பிள்ளைக்குச் சும்மா ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம். கண்ணால் கவனித்தால் போதும். உள்ளங்கையால் மூக்கைக் கீழிருந்து மேலாகத் தேய்க்கிறாளா, அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருமை தட்டுகிறதா, ஓடினாலும் சிரித்தாலும் இருமுகிறாளா. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கூட்டிப்போங்கள். சிறு வயதில் பூனையோடு வளர்ந்தால் அலர்ஜி வராது என்று ஒரு பேச்சு உண்டு. சில ஆய்வுகள் அப்படிச் சொல்கின்றன, சில நேர்மாறாகச் சொல்கின்றன. அதை நம்பிப் பூனை வளர்க்கவும் வேண்டாம், பயந்து விரட்டவும் வேண்டாம். பூனை அவள் அறையில் அவளோடு தூங்கட்டும். காலையில் எழுந்து உங்கள் மெத்தைக்குள் நுழைந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்குத் தன் பிடிவாதம்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்படி இல்லை என்று நீங்களாகவே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். வெளியில் வைத்துச் சீவுகிற வேலையை அவளிடமே கொடுங்கள், முடிந்ததும் கை கழுவி, உடை மாற்றிக்கொள்ளட்டும்.

அடுத்த கடிதத்தில் தும்மலைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று மணி இருமல் என்ன ஆயிற்று என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.